‘இன்னும் மூன்று மாதம் பொறுங்கள்’: இது பதிலா, தட்டிக்கழிப்பா?

தேன்சிட்டு

கன்னத்துப் பருத்தழும்புகளுக்காக மைக்ரோநீடிலிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் சிகிச்சை) செய்துகொண்டு வருகிறேன். மாதத்துக்கு ஒன்றாக நான்கு அமர்வுகள் முடிந்தன. கடைசி அமர்வு முடிந்து ஏழு வாரம் ஆகிறது. முதல் அமர்வின்போது, பலன் எப்போது தெரியும் என்று கேட்டேன். ‘மூன்று மாதம் பொறுங்கள்’ என்றார்கள். நான்காவது முடிந்த அன்றும் கேட்டேன். அப்போதும் அதே மூன்று மாதம்தான். நான் ஓர் அடி வைத்தால் அந்தக் கெடுவும் ஓர் அடி தள்ளிப் போகிறது.

காலையில் ஜன்னலோரக் கண்ணாடியில் முகம் பார்ப்பேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, இடது காதுக்கு முன்னால் இருக்கும் குழிகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு தெரிகின்றன. நான்கு அமர்வுக்கு முன்பும் அப்படித்தான் தெரிந்தன.

இன்ன தேதிக்குள் இன்ன மாற்றம் தெரியும், தெரியாவிட்டால் இன்ன மாற்று வழி என்று சிகிச்சை தருபவர் முதல் நாளே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் பொறுக்கச் சொல்வது தட்டிக்கழிப்பு என்பதே என் கட்சி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஈரமணல்

உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் உங்களோடு உடன்பட முடியவில்லை. ஏழு வாரத்தில் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

மைக்ரோநீடிலிங்கில் ஊசி போட்ட துளைகள் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும், சிவப்பும் சில நாளில் தணிந்துவிடும். நமக்கு வேண்டிய வேலை அதற்குப் பிறகுதான், அடித்தோலில், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. தோலுக்கு உறுதி தரும் புரத இழைதான் கொலாஜன். காயம் பட்ட இடத்தில் முதலில் உருவாவது மூன்றாம் வகைக் கொலாஜன். அது மெலிந்த இழை. உடல் அதைச் சிறிது சிறிதாக அகற்றிவிட்டு, உறுதியான முதலாம் வகையை அந்த இடத்தில் அடுக்குகிறது. இந்த மாற்றம் மாதக்கணக்கில் நடப்பது. அதனால்தான் தழும்புச் சிகிச்சையில் கடைசி அமர்விலிருந்து மூன்று முதல் ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கிறார்கள். முதல் அமர்வில் சொன்னதும் நான்காவதில் சொன்னதும் ஒரே கெடுவாக உங்களுக்குப் பட்டது இயல்பு. ஆனால் ஒவ்வொரு அமர்வும் புதிய காயம். எண்ணிக்கையும் புதிதாகத்தான் தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. முதல் வாரத்தில் வீக்கத்தால் குழிகள் நிரம்பியது போலத் தெரியும். வீக்கம் வடிந்ததும் ‘போனது திரும்பி வந்துவிட்டதே’ என்று மனம் உடைந்துபோகிறவர்கள் பலர். திரும்பி வந்ததாக எதுவும் இல்லை. அங்கே கொலாஜன் வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

இதை நான் பட்டு அறிந்தேன். முகத்தில் கருமை போக்க, அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் ஒன்றைச் செய்துகொண்டேன். பத்து நாளில் மாற்றம் போதவில்லை என்று தோன்றியது. அடுத்ததற்கு மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. வேறோர் இடத்தில், முதல் பீல் செய்ததை மறைத்து, இன்னொன்றைச் செய்துகொண்டேன். தாடையோரம் கட்டைவிரல் அகலத்துக்குக் கன்றிப்போய், பிறகு அடர்ந்த பழுப்பாக நிலைத்துவிட்டது. அது மங்க எட்டு மாதம் ஆனது. மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் உள்ள தோல், புண்பட்டால் மெலனின் என்ற கருநிறமியைக் கொட்டிவிடும். பொறுமையின்மைக்கு நம் தோல் கொடுக்கும் விலை வெளுத்த தோல் கொடுப்பதைவிட அதிகம்.

தேன்சிட்டு

உங்களுக்கு நடந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். ஆனால் நான் தோலை அவசரப்படுத்தவில்லை. நீங்கள் இங்கே பத்து வரியில் விளக்கியதை அங்கே ஒருவரும் எனக்கு ஒரு வரிகூடச் சொல்லவில்லையே! வீக்கம் வடியும், பழையபடி தெரியும், அதன் பிறகுதான் வேலை நடக்கும் என்று சொல்லியிருந்தால், இரண்டாம் வாரத்தில் கண்ணாடி முன் நின்று அழுதிருக்க மாட்டேன். சிகிச்சைக்கு முன் படமும் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து எதை எதோடு ஒப்பிடுவார்கள்?

கல்தச்சன்

ஈரமணல் சொல்வது தழும்புக்குப் பொருந்தும். நான் எதிர்ப்பது, அதே மூன்று மாதத்தை எல்லாச் சிகிச்சைக்கும் பொதுவாகச் சொல்லும் பழக்கத்தை.

என் அக்கா நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போட்டுக்கொண்டார். வலப்பக்கம் சமமானது. இடப்பக்கம் புருவத்தைத் தூக்கினால் இரண்டு கோடுகள் அப்படியே மேலெழுந்தன. மூன்றாம் வாரத்தில் போய்க் காட்டினார். ‘பொறுங்கள், மெதுவாக வரும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது தவறான பதில். போடாக்ஸ், நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போய் அதைச் சுருங்கச் சொல்லும் அசெடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவருவதைத் தடுக்கிறது. அதன் விளைவு மூன்று முதல் ஐந்து நாளில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமையாகிவிடும். அதற்குள் வராதது பெரும்பாலும் பிறகும் வராது. இரண்டாம் வாரத்தில் அழைத்துப் பார்த்து, குறைந்த இடத்தில் சிறிது மருந்து சேர்ப்பதுதான் முறை. மருந்தின் ஆயுளே மூன்று நான்கு மாதம்தான். அதில் மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால், ஆயுள் முழுவதும் காத்திருக்கச் சொன்னதாகத்தானே பொருள்?

தோலுக்கடியில் ஊசியால் செலுத்தி நிரப்பும் ஹைலூரானிக் அமில ஃபில்லருக்கு இன்னொரு கணக்கு. ஊசி போட்ட அன்றே தெரியும். வீக்கமும் கன்றலும் வடிந்து சரியான வடிவம் தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ட்ரெட்டினாயின் களிம்பில் முதல் சில வாரம் தோல் உரிந்து, சிவந்து, பரு கூடியதாகக்கூடத் தெரியலாம். பருவுக்கு அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு வாரம் வேண்டும், மெல்லிய சுருக்கத்துக்கு அதற்கும் மேல். ஐபிஎல் ஒளிச்சிகிச்சையில் பழுப்புப் புள்ளி முதலில் கறுத்து, ஓரிரு வாரத்தில் பொருக்காக உதிரும். ஒவ்வொன்றும் வேறு இடத்தில், வேறு வழியில் வேலை செய்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கெடு சொல்பவர், தான் செய்த சிகிச்சையையே எண்ணிப் பார்க்காதவர்.

அரைநிலா

தோல் மருத்துவமனை ஒன்றில் பதினோரு ஆண்டு செவிலியராக இருந்தேன். ‘மூன்று மாதம்’ என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான்காம் நாளே தொலைபேசியில் அழைப்பார்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். சிலர் அன்றிரவே மிச்சமிருந்த பழைய களிம்பைத் தடவிவிடுவார்கள். அவர்களைத் தடுக்க ஒரு பெரிய எண் தேவைப்பட்டது. தோலை இறுக்கும் ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சைகளில் இது இன்னும் சிக்கல். சிகிச்சை முடிந்தவுடன் முகம் இறுக்கமாகத் தோன்றும். அது பெரும்பாலும் வீக்கமும் சூட்டில் இழைகள் சுருங்கியதும்தான். சில நாளில் போய்விடும். உண்மையான இறுக்கம் இரண்டு மூன்று மாதத்தில் தெரியத் தொடங்கி ஆறு மாதம் வரை கூடலாம். இடைப்பட்ட வாரங்களில் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வருகிறவரிடம் பொறுக்கச் சொல்வதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

ஆனால் படம் எடுக்காமல் தொடங்கியது பெரிய பிழை. அதில் தேன்சிட்டு பக்கம்தான் நிற்பேன். படம் இல்லாவிட்டால் பலன் வந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. தினம் பார்க்கும் முகத்தில் மெல்ல நடக்கும் மாற்றம் எவர் கண்ணுக்கும் பிடிபடாது.

பொறுக்கவே கூடாத இடம் ஒன்றும் உண்டு. எல்லோரும் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபில்லர் போட்டபின் தோல் வெளுத்துப்போனாலோ, வலை போட்டது போல நீலம் பாரித்தாலோ, வலி குறையாமல் ஏறினாலோ, பார்வை மங்கினாலோ, அது இரத்தக்குழாய் அடைபட்டதாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்குதான். உடனே ஓட வேண்டும். ஹைலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹைலூரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. ‘காலையில் பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஈரமணல்

அரைநிலா கடைசியில் சொன்னதை மறுக்கவே முடியாது. போடாக்ஸ் பற்றிக் கல்தச்சன் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். தழும்பு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

தேன்சிட்டுவிடம் ஒரு கேள்வி. உங்கள் தழும்புகள் எந்த வகை? விரல்களால் கன்னத்தை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். எவை மறைகின்றன, எவை அப்படியே நிற்கின்றன?

தேன்சிட்டு

இப்போதுதான் பார்த்தேன். கன்னத்தின் நடுவில் அகலமாக, அலைபோல இருப்பவை இழுத்தால் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. காதுக்கு முன்னால் இருப்பவை மறையவில்லை. குண்டூசி முனையால் குத்தியது போலக் குறுகலாக, ஆழமாக இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், ஏழு இருக்கின்றன. தினமும் காலையில் நான் பார்ப்பது இவற்றைத்தான்.

கல்தச்சன்

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் குறுகிய ஆழக்குழிகளை மருத்துவர்கள் ஐஸ்பிக் தழும்பு என்பார்கள். மைக்ரோநீடிலிங்குக்கு அவை எளிதில் அசைவதில்லை. டிசிஏ (ட்ரைகுளோரோஅசெட்டிக்) அமிலத்தைக் குழிக்குள் மட்டும் தொட்டு வைக்கும் முறையையோ, சிறு வட்டமாக வெட்டி எடுத்துத் தைப்பதையோதான் அவற்றுக்குச் சொல்வார்கள். ஆறு மாதம் காத்திருந்தாலும் அந்த ஏழும் பெரிதாக மாறாது. மாறக்கூடியது கன்னத்து அலைத் தழும்புகள். அவை மாறியிருக்கவும் கூடும், நீங்கள் கவனிக்காமல் இருந்திருக்கலாம். இதை முதல் நாளே விரலால் இழுத்துப் பார்த்து ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அவர்களிடம் இன்றே போய்க் கேளுங்கள். மேலும் ஐந்து வாரம் எதற்கு?

ஈரமணல்

கேட்கலாம், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் இன்றைக்கே அமிலம் வைத்துக்கொள்ளப் போய்விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதுவும் நம் நிறத்தில் கருமை விட்டுச் செல்லக்கூடிய சிகிச்சைதான். நான்கு முறை ஊசி பட்ட தோல் ஆறட்டும். மூன்று மாதம் நிறையட்டும். வெளியே போகும்போது சன்ஸ்கிரீனை விடாதீர்கள். என் தாடை எனக்குக் கற்றுக்கொடுத்தது இது.

கல்தச்சன்

அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும். இன்னும் ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

தேன்சிட்டு

தொலைபேசியில் பேசிவிட்டேன். ‘காதோரத்து ஏழு குழிகளும் ஊசியால் மாறும் என்று எதிர்பார்த்தீர்களா, இல்லையா?’ என்று கேட்டேன். சிறிது நேரம் பதிலே இல்லை. பிறகு, நேரில் வாருங்கள், மூத்த மருத்துவர் பார்ப்பார் என்றார்கள். வியாழக்கிழமை போகிறேன். இன்றிலிருந்து ஜன்னலருகே தேதியோடு படம் எடுத்துவைக்கப்போகிறேன்.

அரைநிலா

ஜன்னலருகே வேண்டாம், தேன்சிட்டு. மேகம் வந்தால் நிழல் மாறும், ஒப்பிட முடியாது. அறையை இருட்டாக்கி, ஒரே விளக்கைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில், ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் வையுங்கள். முடியை இழுத்துக் கட்டுங்கள். முகத்தில் களிம்பு எதுவும் இருக்கக் கூடாது, பளபளப்பு குழியை மறைத்துவிடும். நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. தினமும் எடுக்காதீர்கள், நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். வியாழக்கிழமை போகும்போது முதல் படத்தை அவர்கள் முன்னால் வைத்து, அவர்களுடைய கோப்பிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.