குறட்டை விடும் கணவர்: ஹாலில் பாய் விரித்தது தப்பா?

தூங்காநகரத்தாள்:
மதுரைக்குத் தூங்காநகரம் என்று பேர். எங்கள் வீட்டில் அந்தப் பேரைக் காப்பாற்றுவது நான் ஒருத்திதான். கணவருக்கு 44 வயது, எடை 94 கிலோ. தலையணையில் தலை பட்ட ஐந்தாவது நிமிடம் ஆரம்பித்துவிடுவார். கல்யாணமான புதிதில் பூனை உறுமுகிற மாதிரி இருந்தது, பதினோரு வருடத்தில் டீசல் ஆட்டோவாக வளர்ந்துவிட்டது. காதில் பஞ்சு, இயர்பிளக், ஃபேனை ஐந்தில் வைப்பது, அவருக்கு முன்னால் தூங்கிவிடுவது என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு மாதமாக ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறேன். ஆறு மணி நேரம் தூங்குகிறேன். காலையில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது நின்றிருக்கிறது.

இப்போது பிரச்சினை மாமியார். காபியைக் கையில் வாங்கும்போதே, "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்று கேட்கிறார். சண்டை இல்லை அத்தை, குறட்டை என்றால், "உன் மாமாவும்தான் விட்டாரு. முப்பத்து மூணு வருஷம் பக்கத்துலதான் படுத்தேன். பாயைத் தூக்கிட்டு ஓடினேனா?" என்கிறார். கணவரோ, "நான் எங்கே குறட்டை விடுறேன்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். தனியாகப் படுப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

மொட்டைமாடி:
குற்றமே இல்லை, தங்கச்சி. நானும் அவரும் வேறு வேறு அறைக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ராத்திரி இரண்டு மணிக்கு அவர் முதுகில் நான் வைத்த குத்துகளுக்குக் கணக்கே இல்லை. இப்போது காலையில் சிரித்த முகமாகப் பேசிக்கொள்கிறோம். ஒரே கட்டிலில் படுத்தால்தான் குடும்பம் என்பதெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் பேசுகிற பேச்சு. உன் அத்தையிடம் வாதாடாதே. முதுகு வலி, கீழே படுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடு. நான் அப்படித்தான் சமாளித்தேன்.

உப்புக்கண்டம்:
மொட்டைமாடி அக்கா, கொஞ்சம் பொறுங்கள். நான் குறட்டை விட்ட கட்சி. என் மனைவியும் இப்படித்தான் பக்கத்து அறைக்குப் போனார். மூன்று வருடம். இருவருக்குமே நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் காலையில் எழும்போதே தலைவலி. பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. ராத்திரி மூன்று தடவை பாத்ரூம். சர்க்கரையாக இருக்குமோ என்று டெஸ்ட் எடுத்தால் அதுவும் இல்லை. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் பல்லடம் ரோட்டில், சிக்னலில் நின்ற காருக்குள்ளேயே தூங்கிப்போனேன். பின்னால் இருந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத்தான் எழுந்தேன்.

அப்புறம் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது லாட்ஜில் ஒரே அறைதான் கிடைத்தது. அன்றைக்கு ராத்திரி மனைவி என்னை உலுக்கி எழுப்பி, "உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது" என்று அழுதார். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, மெல்லண்ணமும் (மேல்வாயின் மெத்தென்ற பின்பகுதி) உள்நாக்கும் காற்றில் அதிர்கிற சத்தம்தான் குறட்டை. சிலருக்கு வழி மொத்தமாகவே அடைத்துக்கொள்ளும். அப்போது சத்தம் வராது. பத்து விநாடி, இருபது விநாடி அமைதி, அதன் பிறகு செருமிக்கொண்டு ஒரு பெரிய இழுப்பு. பரிசோதனையில் எனக்கு மணிக்கு 38 முறை இப்படி வந்தது. 5-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 30-ஐத் தாண்டினால் தீவிரம் என்பது கணக்கு. எனக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆளும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டால் யார் சொல்வது?

மொட்டைமாடி:
ஓகோ. ஆக, ராத்திரி முழுக்க முழித்து உங்கள் மூச்சை எண்ணுவதும் மனைவி வேலையா? பகலில் சமையல், பிள்ளை, ஆபீஸ். ராத்திரியில் ஐசியூ நர்ஸ். தம்பி, உங்களுக்கு நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் காரில் தூங்கினது நீங்கள், தலைவலி வந்தது உங்களுக்கு. டாக்டரிடம் போக மனைவி வந்து சாட்சி சொல்ல வேண்டுமா?

உப்புக்கண்டம்:
நியாயம்தான். போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆம்பிளைகள் அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. நான் கேட்பது ஒரே ஒரு ராத்திரி. போனைத் தலைமாட்டில் வைத்து ரெக்கார்டு செய்யுங்கள். அமைதி வருகிற இடத்தைக் கவனியுங்கள். அதன் பிறகு ஹாலில் படுங்கள், மாடியில் படுங்கள், உங்கள் இஷ்டம்.

வெட்டிப்பேச்சு:
ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஸ்லீப் ஸ்டடி என்று தூக்கத்துக்கு ஒரு டெஸ்ட், அடுத்து ராத்திரி முழுக்க மூக்கில் காற்றைத் தள்ள அரை லட்சத்தை நெருங்கும் மெஷின், அதற்கு மாஸ்க், ஃபில்டர் என்று மாதாமாதம் செலவு. எங்கள் தாத்தா குறட்டை விட்டால் பக்கத்துத் தெரு நாய் குரைக்கும். 88 வயது வரை இருந்தார். மெஷின் வாங்கி பத்து நாள் மாட்டிவிட்டு பீரோ மேல் வைத்த இரண்டு பேரை எனக்கே தெரியும். குறட்டையைக்கூட வியாதியாக்கி விற்கிற காலம் இது.

உப்புக்கண்டம்:
குறட்டை விடுகிற எல்லோருக்கும் மூச்சு அடைக்காது. உங்கள் தாத்தாவுக்கு அடைத்திருக்காது. டெஸ்ட் எடுப்பதே அதைப் பிரித்துப் பார்க்கத்தான். இப்போது வீட்டுக்கே கருவி கொடுத்து அனுப்புகிறார்கள், விரலிலும் நெஞ்சிலும் மாட்டிக்கொண்டு நம் கட்டிலிலேயே தூங்கலாம். மெஷினும் நேற்று முளைத்த வியாபாரம் இல்லை. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். முதல் மெஷினை வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் ஒப்பேற்றினாராம். காற்றை மெல்லிய அழுத்தத்தில் உள்ளே தள்ளி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பீரோ மேல் வைப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. எனக்கே முதல் இரண்டு வாரம் யானைத் தும்பிக்கை மாட்டிய மாதிரி இருந்தது. மாஸ்க் அளவு சரியில்லை என்று மூன்றாவது மாஸ்க்கில்தான் ஒத்துவந்தது. லேசான அளவில் இருப்பவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற பல்செட் மாதிரி ஒன்றைப் பல் டாக்டர் செய்து தருவார். எல்லோருக்கும் மெஷின்தான் என்று யாரும் சொல்லவில்லை.

வெட்டிப்பேச்சு:
சரி, காசில்லாத வைத்தியத்தையும் எழுதுங்கள். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பனியன் முதுகில் டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தால் புரளவே முடியாது. ராத்திரி சரக்கு போட்டால் தசை இன்னும் தளரும், அதை நிறுத்த வேண்டும். எடையைக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் நேராக மெஷினுக்குப் போவதைத்தான் வியாபாரம் என்கிறேன்.

இன்னொன்று. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற நீள ஊதுகுழலை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு மூச்சடைப்பும் பகல் தூக்கமும் குறைந்தது என்று சுவிட்சர்லாந்து ஆட்கள் 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 2017-ல் அதற்கு இக் நோபல் அமைதிப் பரிசு, அதாவது சிரிப்பு வரவழைக்கிற ஆராய்ச்சிகளுக்கு நோபலைக் கிண்டல் செய்து கொடுக்கிற பரிசு! உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு நாதஸ்வரம் வாங்கிக் கொடுங்கள்.

மொட்டைமாடி:
ராத்திரி குறட்டை, பகலில் நாதஸ்வரம். அவள் வீட்டைவிட்டே போய்விடுவாள்.

கைவைத்தியம்:
சுத்தமான பசு நெய்யை உருக்கி, படுக்கும் முன் மூக்கில் இரண்டு சொட்டு. பரம்பரை வைத்தியம். ஒரு வாரத்தில் நிற்கும்.

உப்புக்கண்டம்:
ஐயா, எண்ணெயோ நெய்யோ மூக்கு வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே ஒரு வகை நிமோனியாவே வரும். ஜலதோஷ அடைப்பென்றால் ஆவி பிடிக்கட்டும். தொண்டை அடைப்புக்கு நெய் என்ன செய்யும்?

ரெண்டாவது ஷிப்ட்:
இவ்வளவு நேரம் படித்தேன். எல்லோரும் கணவர் குறட்டையைத்தான் பேசுகிறீர்கள். நான் பெண், 49 வயது, எனக்குக் குறட்டை உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு அதிகமானது. தைராய்டும் இருக்கிறது. இரண்டுமே காரணமாகலாம் என்று டாக்டர் சொன்னார். சொந்தக்காரர் கல்யாணத்தில் மண்டபத்தில் எல்லோரும் வரிசையாகப் படுத்தபோது, நான் மட்டும் சேரில் உட்கார்ந்து விடிய விடியக் கண் விழித்தேன். ஆண் குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்பார்கள். பெண் விட்டால் சிரிப்பார்கள்.

ரெக்கார்டு செய்யச் சொல்கிறார் உப்புக்கண்டம். என் கணவரும் செய்தார். செய்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். நாத்தனார் பிள்ளை அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு டாக்டரிடம் போகவே எனக்கு ஒரு வருடம் ஆனது. எடுங்கள், ஆனால் அவருக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் காட்டாதீர்கள்.

உப்புக்கண்டம்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிக்கவும், சொன்னது நல்லதாயிற்று.

தூங்காநகரத்தாள்:
மூன்று நாள் கழித்து வருகிறேன். நேற்று ராத்திரி போனை ஜன்னல் திட்டில் வைத்தேன். மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதில் ஒரு இடத்தில் சத்தம் சட்டென்று நிற்கிறது. எண்ணினேன், 24 விநாடி. எங்கள் ஃபேன் சத்தமும் தெருநாயும் மட்டும் கேட்கிறது. பிறகு தண்ணீரில் இருந்து எழுந்தவர் மாதிரி ஒரு இழுப்பு.

அவரிடம் காட்டினேன். "இது நான் இல்லை" என்றார். அடுப்படியில் இருந்த அத்தைக்கும் கேட்டுவிட்டது, ரெண்டாவது ஷிப்ட் சொன்னதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அத்தை வந்து, மறுபடி போடச் சொன்னார். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "உன் மாமாவும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்தி விடுவாரு" என்றார். மாமா 59 வயதில், எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம், தூக்கத்திலேயே போனவர்.

டாக்டரிடம் நேரம் வாங்கியது நான் இல்லை, அத்தைதான். வெள்ளிக்கிழமை.

உப்புக்கண்டம்:
அந்தப் பதிவை அழிக்காதீர்கள், டாக்டர் கேட்பார். பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறார் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அது அடைப்பைக் கூட்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்கட்டும். வெட்டிப்பேச்சு சொன்ன டென்னிஸ் பந்து மோசமில்லை.

வெட்டிப்பேச்சு:
பந்து ஐம்பது ரூபாய். பில் அனுப்புகிறேன்.

மொட்டைமாடி:
போய்ட்டு வா தங்கச்சி. ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் பாய் ஹாலிலேயே இருக்கட்டும்.