டீஃபால்ட்: ‘முன்னிருப்பு’ வேண்டாம், ‘இயல்பமைவு’ வைக்கலாம்

வணக்கம். வங்கிச் செயலியைத் தமிழாக்கும்போது ‘டீஃபால்ட்’ (default) என்பதற்கு, அதாவது பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் செயலி தானாக எடுத்துக்கொள்வதற்கு, எந்தச் சொல்லை வைப்பது என்பதுதான் கேள்வி.

முன்னிருப்பு ஏற்கெனவே பல மென்பொருள்களில் புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வங்கிச் செயலிக்கு அது ஒத்துவராது. அங்கே இருப்பு என்றால் கணக்கில் உள்ள பணம். குறைந்தபட்ச இருப்பு, தொடக்க இருப்பு என்று படித்துக்கொண்டே வருகிறவர் ‘முன்னிருப்புக் கணக்கு’ என்பதைப் பழைய பாக்கி என்றுதான் எடுத்துக்கொள்வார்.

டீஃபால்ட் என்ற சொல்லின் வேரையும் பார்த்துவிடலாம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, அடியில் இருப்பது லத்தீன் ‘ஃபால்லெரே’, அதாவது ஏமாற்றுதல், தவறுதல். ஃபெயில், ஃபால்ட், ஃபால்ஸ் எல்லாம் இதே குடும்பம். தவணை கட்டாமல் விட்டால் டீஃபால்ட். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியபோது செய்தியெல்லாம் இந்தச் சொல்தான். இந்தியாவில் போலீஸ் 60 நாளுக்குள், பெரிய குற்றமென்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதானவர் கேட்டுப் பெறக்கூடியது டீஃபால்ட் ஜாமீன். பொருள் எப்படி நகர்கிறது பாருங்கள்: ஒருவர் செய்யாமல் விட்டது இன்னொன்றுக்கு வழி திறக்கிறது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பின்பாதியை மட்டும்தான், பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது எது நடப்புக்கு வருமோ அது.

ஆக இரண்டு பொருளுக்கும் ஒரே தமிழ்ச் சொல் தேட வேண்டியதில்லை. கடனுக்கும் சட்டத்துக்கும் ‘தவறுகை’ போதும். கணினிக்கு ‘முன்னமைவு’ என்றால் பிரீசெட் (preset, முன்கூட்டியே அமைத்து வைத்த தெரிவு) எங்கே போகும்? பிரீசெட் பத்து இருக்கலாம், அதில் ஒன்றுதான் டீஃபால்ட்.

இயல்பு என்ற சொல்லை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் நம் இலக்கணம். பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை, எதுவும் மாறவில்லை, அது இயல்புப் புணர்ச்சி. பொற்குடம் என்று திரிந்தால் விகாரம். யாரும் கைவைக்காதவரை அப்படியே நிற்பது இயல்பு, டீஃபால்ட்டும் அதேதான்! ‘இயல்புநிலை’ மட்டும் வேண்டாம், வெள்ளம் வடிந்து இயல்புநிலை திரும்பியது என்று நாளிதழ்கள் அதை வேறு பொருளில் ஊன்றிவிட்டன. அமைவு சேர்த்தால் செட்டிங் என்பதும் விளங்கும்.

போட்டுப் பார்த்தேன்: இயல்பு எழுத்துரு, இயல்பு மொழி, இயல்புக் கணக்கு. தடுமாற்றம் இல்லை. ‘இயல்பமைவுக்கு மீட்டமை’ மட்டும் சின்னத் திரையில் பொத்தானுக்கு நீளம், சுருக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.