மழை பிடித்ததும் கக்கூஸ் தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது, செப்டிக் டேங்க் நிஜமாகவே நிறைந்துவிட்டதா?

மோல்மேன் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். முகம் சுளிக்க வைக்கிற விஷயம்தான், ஆனால் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வதால் இங்கே கேட்கிறேன். எங்கள் வீடு பர்மாவில் மோல்மேனில், மாமனார் கட்டியது. பின்பக்கம் தென்னை மரத்தடியில் செங்கல் கட்டி சிமெண்ட் பலகை மூடிய செப்டிக் டேங்க், அதை ஒட்டி வளையம் இறக்கிய உறிஞ்சு குழி ஒன்று. வீட்டில் ஏழு பேர். மழை பிடித்ததிலிருந்து கக்கூஸில் ஒரு வாளி ஊற்றினால் கோப்பை வாய் வரைக்கும் ஏறி நின்று யோசித்துவிட்டு மெதுவாக இறங்குகிறது. குளியலறை ஜாலியில் கொளக் கொளக் என்று சத்தம். போன வாரம் அந்த ஜாலி வழியாகவே கறுப்புத் தண்ணீர் மேலே வந்துவிட்டது, மாமியார் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. லாரி கூப்பிட்டு உறிஞ்சியும் விட்டோம். மூன்றாம் நாள் பழைய கதை! லாரிக்காரர் தொட்டி சின்னது, மாதாமாதம் எடுக்க வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஈஸ்டும் வெல்லமும் கரைத்து ஊற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்? கணவருக்குத் தெருமுனையில் தோசைக்கடை, கடைப் பாத்திரமெல்லாம் வீட்டில்தான் கழுவுகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் மாடி:
அக்கா, நான் ரங்கூன் டவுனில் வளர்ந்தவன். அங்கே 1888இல் வெள்ளைக்காரன் போட்ட சாக்கடைக் குழாய் இருப்பதால் இந்தத் தொல்லை என்னவென்றே தெரியாமல் இருந்தேன். தான்லின் பக்கம் வீடு மாறியதும் பாடம் படித்தேன். வாடை வந்தது என்று பிளீச்சிங் பவுடரும் கக்கூஸ் ஆசிட்டும் மாறி மாறிக் கொட்டினேன். (இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள், விஷப்புகை வரும்.) தொட்டிக்குள் கழிவைத் தின்கிற கிருமிகள் அதில் செத்துப்போய் வாடை இன்னும் அதிகமானதுதான் மிச்சம். ஈஸ்ட், வெல்லம், சாணி எதுவும் வேண்டாம். தேவையான கிருமி நம் வயிற்றிலிருந்தே தினமும் போகிறது. கரைக்கிற பவுடர் என்று கடையில் விற்பதை வாங்கினாலும் அடியில் தங்கின கசடு கரையாது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

பகோ கொத்தனார்:
தங்கச்சி, தொட்டி நிறைந்துவிட்டது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும்! கட்டின பிறகு முதல் சில நாளில் நிரம்பும், அப்புறம் உள்ளே ஒரு வாளி போனால் வெளியே ஒரு வாளி போகும். தண்ணீர் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் நின்றால் அது சாதாரணம். அதற்கு மேல் ஏறி நின்றால்தான் கோளாறு, அதாவது தண்ணீர் போக வழியில்லை. ஆகவே லாரிக்காரர் மூடியைத் திறந்து பாருங்கள் ஃபுல் என்று காட்டினால் அதற்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது, எங்கே அடைப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கக்கூஸ் மட்டும் மெதுவாக இறங்கி, குளியலறையும் சமையல்கட்டும் சரியாக இருந்தால் அந்தக் குழாயில் துணியோ பேம்பர்ஸோ மாட்டியிருக்கும். எல்லாம் சேர்ந்து மெதுவானால், அதிலும் வீட்டிலேயே தாழ்ந்த ஜாலி வழியாக மேலே வந்தால், கோளாறு தொட்டியில் அல்லது உறிஞ்சு குழியில். உங்களுடையது இரண்டாவது. குழிக்கு மேல் புல் மட்டும் பச்சைப் பசேலென்று வளர்வது, மழையில்லாத நாளிலும் கால் வைத்தால் மண் புதைவது, இதெல்லாம் குழி தோற்கிற அடையாளம். பார்த்துச் சொல்லுங்கள்.

மோல்மேனில் வருடத்துக்கு ஐந்தாயிரம் மில்லிமீட்டரை ஒட்டிக் கொட்டுகிறது. ஜூலை, ஆகஸ்டில் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்து குழியையே மூழ்கடித்துவிடும். ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிற குழி உங்கள் தண்ணீரை எங்கே குடிக்கும்? அந்த நேரத்தில் உறிஞ்சுவது காசைக் கரைக்கிற வேலை, வெளித்தண்ணீர் உள்ளே வந்துவிடும். காலித் தொட்டியைச் சுற்றிலும் ஈரமண் அழுத்தினால் செங்கல் சுவர் விரியும், பிளாஸ்டிக் தொட்டியானால் அப்படியே மிதந்து மேலே கிளம்பும்.

மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தொட்டி மட்டத்தில் அடையாளம் வைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல், விடியற்காலை பாருங்கள். ஏறியிருந்தால் வெளியிலிருந்து வருகிறது. இரண்டு, நீள மூங்கில் கழியில் பழைய வேட்டியைக் கிழித்து அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுற்றிக் கட்டி, அடி தட்டும் வரை நேராக இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு மெதுவாக எடுங்கள். தண்ணீர் பட்ட துணி அழுக்காக மட்டும் இருக்கும், கசடு இருக்கிற உயரம் வரை கரிபோல் ஒட்டும். அதையும் மேலே மிதக்கிற ஏட்டையும் கூட்டினால் தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வருகிறதா என்று பாருங்கள், வந்தால் கசடு எடுக்க வேண்டிய நேரம். மூன்று, கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று குழாயைப் பின்தொடருங்கள்.

தட்டோன் தாத்தா:
கொத்தனார் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் மூடியைத் திறக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டாமா? வாயில் சுருட்டோடு யாரும் பக்கத்தில் போகக் கூடாது, உள்ளே இருக்கிற வாயு தீப்பிடிக்கும். காற்று வருகிற பக்கமாக நின்றுகொள்ளுங்கள், குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். அழுகின முட்டை நாற்றம் திடீரென்று போய்விட்டால் காற்று சுத்தமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள், அந்த வாயு அதிகமானால் முதலில் சாவது மூக்குதான். செருப்பு விழுந்தாலும் தங்க வளையல் விழுந்தாலும் இறங்கக் கூடாது. ஒருவர் மயங்கினால் தூக்கப் போகிறவரும் உள்ளேயே விழுகிறார், இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் போகிறார்கள்.

கிணறு இருக்கிறதா அம்மா? உறிஞ்சு குழியிலிருந்து குறைந்தது ஐம்பதடி, முடிந்தால் நூறடி தள்ளி இருக்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, கைக்குழந்தைக்கு அது ஆகாது.

மோல்மேன் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. கிணறு அறுபதடி தள்ளி இருக்கிறது, கைக்குழந்தை இல்லை, இருந்தாலும் குடிக்க வாங்கின தண்ணீர்தான் இனி. கொத்தனார் அண்ணே, நேற்று ராத்திரி நல்ல மழை, விடிவதற்குள் நாலு விரல்கடை ஏறிவிட்டது! கழியில் ஒன்றரை அடிக்குக் கரி ஒட்டியிருக்கிறது, லாரிக்காரர் வெறும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கசடை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தொட்டி ஏழடி நீளம், நாலடி அகலம், தண்ணீர் ஆழம் நாலடிதான். அப்புறம் கூரைக் குழாய். போன கோடையில் வாசல் சேறாகிறது என்று கொழுந்தனார் பீலித் தண்ணீரைக் கொண்டுபோய் கக்கூஸ் குழாய் செப்டிக் டேங்குக்குப் போகிற வழியில் இருக்கிற சின்ன அறைத்தொட்டியில் சேர்த்திருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது.

பகோ கொத்தனார்:
கிடைத்துவிட்டது! கணக்குப் போடுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 520 காலன். ஏழடிக்கு நாலடி தொட்டி, தண்ணீர் ஆழம் நாலடி என்றால் கொள்ளளவே 700 காலன்தான், அதாவது சுமார் 3,200 லிட்டர். ஒரே ராத்திரியில் அவ்வளவு தண்ணீர் பாய்ந்தால் அடியில் தங்க வேண்டிய கசடு கலங்கி உறிஞ்சு குழிக்குப் போய் அதன் கண்ணை அடைத்துவிடும். முதலில் அந்தக் குழாயை வெட்டி வாய்க்கால் பக்கம் திருப்புங்கள். தோசைக்கடைப் பாத்திரத்தை வேறு இடத்தில் கழுவ முடியாவிட்டால் நடுவில் சின்ன எண்ணெய்த் தொட்டி வைத்து வாரம் ஒருமுறை மேலே மிதப்பதை வழித்து எடுங்கள். மாவும் எண்ணெயும் சேர்ந்தால் ஏடு சிமெண்ட் போல இறுகிவிடும்.

கசடு ஒன்றரை அடி என்றால் எடுக்க வேண்டியதுதான், ஆனால் இப்போது வேண்டாம். நவம்பர் தாண்டி நிலத்தண்ணீர் இறங்கின பிறகு கூப்பிட்டு, கலக்கிவிட்டு அடியிலிருந்து உறிஞ்சச் சொல்லி, பக்கத்தில் நின்று கழியைவிட்டுப் பாருங்கள். கசடு ஆளுக்கு வருடம் 40 லிட்டர் என்று கணக்குப் போடுவோம், ஏழு பேருக்கு 280. உங்கள் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு ஆயிரம் லிட்டர் சொச்சம், ஆக மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். மாதாமாதம் என்று சொன்னவருக்கு அது வியாபாரம். கோடையிலும் குழி தண்ணீர் குடிக்கவில்லை என்றால் இரண்டாவது குழி போட்டு மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கலாம், அதை அப்போது பேசுவோம்.

மோல்மேன் மருமகள்:
குழாயை இன்று வெட்டியாயிற்று அண்ணே. ஜாலியில் இன்னும் கொஞ்சம் கொளக் சத்தம் இருக்கிறது, ஆனால் தண்ணீர் இறங்குகிறது. மாமியார் பேசுகிறார். கொழுந்தனார்தான் ஒப்புக்கொள்ளவில்லை, வெட்டின துண்டைக் கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டு, வாசல் சேறானால் என்னைக் கேட்காதீர்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்.