புதுப்பிப்பு: இன்க்ளூட் செய்த ஃபைலில் கிளாஸ் கிடைக்கிறது, வேரியபிள் கிடைக்கவில்லை (தீர்ந்தது)

நான் முன்பு இங்கே கேட்ட கேள்விக்கு வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காக முழுதாக எழுதுகிறேன்.

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் கடையின் இணையதளம், பிஎச்பி 8 என்ற நிரல்மொழியில் எழுதியது. ஒரு ஃபங்ஷனுக்குள் செட்டிங்ஸ் ஃபைலை இன்க்ளூட் செய்கிறோம், அதாவது அந்த ஃபைலின் நிரலை அங்கே சேர்க்கிறோம். அதிலிருந்த கிளாஸ் தளம் முழுக்க வேலை செய்தது. விலைப்பட்டியல் வேரியபிள் மட்டும் ஃபங்ஷனுக்கு வெளியே 'அன்டிஃபைன்டு' என்று வந்தது.

காரணம் இதுதான்: இன்க்ளூட் எந்த வரியில் நிற்கிறதோ, அந்த இடத்தின் ஸ்கோப்தான் (வேரியபிள் செல்லுபடியாகும் எல்லை) ஃபைலில் உள்ள வேரியபிள்களுக்கும். ஃபங்ஷன் முடிந்ததும் அவையும் போய்விடும். கிளாஸும் ஃபங்ஷனும் அப்படியல்ல. எங்கிருந்து இன்க்ளூட் செய்தாலும் அவை குளோபல், அதாவது எல்லா இடத்திலும் கிடைக்கும்.

வேரியபிளைக் குளோபல் என்று அறிவிக்கச் சொல்லிப் பதில்களில் வந்த யோசனையும் பலித்தது. ஆனால் எந்த ஃபைல் எதை மாற்றுகிறது என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு, எனக்கு ஒப்பவில்லை. நிலைத்தது, செட்டிங்ஸ் ஃபைலிலிருந்து அர்ரேயை (மதிப்புகளின் தொகுப்பு) ரிட்டர்ன் செய்யச் சொல்லிப் பதில் எழுதிய அண்ணனின் வழிதான். தேவைப்படும் இடத்தில் அதை ஒரு வேரியபிளில் வாங்கிக்கொள்கிறோம். அவருக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது ஒன்று: ரெக்வயர் ஒன்ஸ் (ஃபைலை ஒருமுறை மட்டும் ஏற்றும் கட்டளை) போட்டால் முதல் முறைதான் அர்ரே வரும். அதே ரிக்வெஸ்டில் மறுபடி அழைத்தால் வெறும் 'ட்ரூ'. அதனால் செட்டிங்ஸுக்குச் சாதாரண ரெக்வயர். கிளாஸ் ஃபைலுக்கோ ஒன்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் முறை ஏற்றும்போது ஃபேட்டல் எரர் விழும். ஆகவே கிளாஸையும் செட்டிங்ஸையும் தனித்தனி ஃபைலாகப் பிரித்துவிட்டோம்.

நேம்ஸ்பேஸும் (கிளாஸ், ஃபங்ஷன் பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் முன்பெயர்) உள்ளே வரும் ஃபைலுக்குத் தானாகப் போகாது; அங்கேயும் எழுத வேண்டும்.