கேரளத்து மறையூர் பக்கம் வீடு எடுத்து, நாமே சமைத்துத் தங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். கோவில்கடவிலிருந்து காந்தலூர் ஏறும் வழியில் ஒரு தோட்டத்து வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, எதிரே பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பு. முதல் ராத்திரி நாங்கள் சோற்றில் கை வைத்தபோது மணி பத்தரை. குக்கர் இருந்தது, ஆனால் காஸ்கட் தளர்ந்துபோய் விசிலே வரவில்லை. சரி, பாத்திரத்திலேயே பருப்பை வேகவைக்கலாம் என்றால் அது வேகுவேனா என்றது. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். காந்தலூர் சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே 95 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். அதனால் பருப்பு, கடலை எல்லாம் நேரம் இழுக்கும். உங்கள் வீட்டு குக்கரையே கொண்டு போங்கள்.

இந்தக் குக்கர் கலவரத்தில்தான் பெரிய தவறு ஒன்று நடந்தது. மதியம் வாங்கிய வாழைத்தாரைத் திண்ணையிலேயே விட்டுவிட்டோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்த உடனேயே சொல்லியிருந்தார்: "தம்பி, பழம், பலா எதையும் வெளிய வைக்காதீங்க. ஆனை மோப்பம் பிடிச்சு வந்துரும்." கேட்டுத் தலையாட்டினோம், அப்புறம் மறந்துவிட்டோம்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். வேலிக் கம்பு முறியும் சத்தம். கீழே இருந்து அவர் குரல் கொடுத்தார், கதவைத் திறக்க வேண்டாம், வெளியே வர வேண்டாம் என்று. ஜன்னல் இடுக்கில் ஒரு கறுப்புச் சுவர் நகர்வது போலத்தான் தெரிந்தது. அதன் மூச்சு எங்களுக்குக் கேட்டது. பிள்ளைகள் இருவரும் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. தாரை முடித்துவிட்டு, அவசரமே இல்லாமல் போனது.

விடிந்து பார்த்தால், எங்கள் பழத்துக்காக வந்த யானை அவருடைய பீன்ஸ் பாத்தியை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. கொடிக்கு நட்ட கம்பெல்லாம் சாய்ந்து கிடந்தன. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பழம் தின்ன இடத்தை அது மறக்காது தம்பி. நீங்க நாளைக்குப் போயிருவீங்க, நாங்க இங்கதான இருக்கணும்" என்றார். அன்று எங்கும் போகவில்லை. அவரோடு சேர்ந்து கம்பு நட்டோம். பணம் கொடுத்தபோது வாங்கத் தயங்கினார், அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த ஒரு நாள் ஊரோடு பழகிவிட்டோம். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. இடுக்கி மாவட்டம் என்றாலும் பேச்சு தமிழ். மதுரைப் பக்கமிருந்து முன்னோர்கள் மலையேறி வந்தார்கள் என்று சொல்கிறார்கள். சாயங்காலம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கு அவரே கூட்டிப் போனார். சாறு எடுத்த சக்கையைக் காயவைத்து அதையே அடுப்புக்கு எரிக்கிறார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். அந்தக் கைகளைப் பார்த்தால் வெல்லத்துக்குப் பேரம் பேச மனம் வராது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த வெல்லம் இது. கடையில் சர்க்கரை என்றே கேளுங்கள், மலையாளத்தில் வெல்லத்துக்கு அதுதான் பெயர்.

கோவில்கடவில் தென்காசிநாதன் கோயிலை ஒட்டி ஓடுகிறதே பாம்பாறு, அது கிழக்கே திரும்பி சின்னாறு காட்டில் தூவானம் அருவியாக விழுந்து, அமராவதி அணைக்குப் போகிறது. நான் தாராபுரத்துக்காரன். எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரை அங்கே பாறை இடுக்கில் கையால் அள்ளியபோது தொண்டை அடைத்தது.

* * *

மறுமொழி:

எழுபது தாண்டிய அப்பாவோடு போயிருந்தோம். அவருக்கு உப்பு இல்லாத சமையல், அதனால்தான் சமையலறை உள்ள வீடாகத் தேடினோம். முனியறைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெருங்கற்காலத்துக் கல்லறைகள் அவை. நான்கு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரே கல்லை மூடியிருக்கிறார்கள். பாறை மேட்டில் நிழலே கிடையாது, எட்டு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். சில அறைகள் சரிந்து கிடக்கின்றன, சிலவற்றில் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். அப்பா அதைக் கண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிள்ளைகளை அந்தக் கற்களின் மேல் ஏறவிடாதீர்கள், தயவுசெய்து.

சந்தனக் காட்டை ரோட்டோரக் கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். மணக்கும் என்று எதிர்பார்த்தோம். மணம் மரத்தின் நடுவே இருக்கும் வைரக்கட்டையில்தானாம், நிற்கிற மரத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் வேலிக்குள் புள்ளிமான் கூட்டம் பார்த்தோம்.

* * *

மறுமொழி:

நாங்கள் போனது ஜூலையில். மூணாறில் குடை பிடித்தும் நனைந்தோம், 40 கிலோமீட்டர் இறங்கி மறையூர் வந்தால் வெயில். மலை மறைத்துக்கொள்வதால் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் அதிகம் எட்டுவதில்லை. மழைக்காலத்தில் மூணாறு பார்க்க நினைப்பவர்கள் மறையூரில் தங்கிக்கொண்டு போய்வரலாம். வரையாடு பார்க்க இரவிகுளம் போகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சைத் தவிருங்கள். குட்டி போடும் காலம் என்று பெரும்பாலும் மூடிவிடுவார்கள்.

யானை விஷயம் எழுதியதற்கு நன்றி. நாங்கள் காய்கறித் தோலை எல்லாம் வேலிக்கு வெளியே கொட்டிவிட்டு வந்தோம். இப்போது படிக்கும்போது உறுத்துகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்?

* * *

தொடங்கியவர்:

மூடி போட்ட வாளியில் போட்டு, ராத்திரி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். காலையில் பெரியவர் வந்து மாட்டுக்கு எடுத்துப் போவார். பிளாஸ்டிக் கவர்களைக் கட்டி எங்கள் காரிலேயே திருப்பிக் கொண்டு வந்தோம்.