மருந்து உடம்புக்குள் என்ன ஆகிறது என்று நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பாம்பனிலிருந்து:
அப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போனவர். வலிப்பு வந்த பிறகு கரையோடு நின்றுவிட்டார். கார்பமாசெபின் மாத்திரையில் நாலு வருடம் வலிப்பே இல்லை. ஒரு மார்கழியில் இருமலுக்கு எரித்ரோமைசின் வாங்கிப் போட்டார். மூன்றாம் நாள் நடை தள்ளாடியது, ஒரு படகு இரண்டாகத் தெரிகிறது என்றார். குடித்திருக்கிறார் என்று தெருவே பேசியது. சாராய வாடையே பிடிக்காத மனிதர். அன்று அம்மா அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை.

ராமநாதபுரத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா என்ன மாத்திரை போட்டீங்க?" கார்பமாசெபினை மாற்றி வெளியேற்றும் கல்லீரல் நொதியை எரித்ரோமைசின் முடக்கிவிட்டதாம். வழக்கமாகப் போடும் அளவே ரத்தத்தில் ஏறி நின்றிருக்கிறது. சில நாளில் தெளிந்துவிட்டார்.

அந்த நொதி சைட்டோக்ரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்தது; மருந்தின் மேல் ஆக்சிஜனை ஏற்றுவது அதன் வேலை. அதன் நடுவில் போர்ஃபைரின் என்ற தட்டையான கரிம வளையம், வளையத்துக்குள் ஓர் இரும்பு அணு. 1979-இல் ஜான் குரோவ்ஸ் குழு, புரதம் எதுவும் இல்லாமல் இரும்புப் போர்ஃபைரினை மட்டும் வைத்தே அந்த ஆக்சிஜன் ஏற்றும் வேலையைச் செய்து காட்டியது. எம்.எஸ்சி. புராஜெக்டில் எனக்கு வந்தது இரும்புக்குப் பதில் மாங்கனீசு வைத்த போர்ஃபைரின். ஏற்றிப் பார்க்க எந்த மருந்து வேண்டும் என்று கேட்டபோது யோசிக்காமல் கார்பமாசெபின் என்றேன்.

மருந்தோடு வினையூக்கியான அந்தப் போர்ஃபைரின் துளி, அதற்குத் துணையாகக் கொஞ்சம் இமிடசோல், அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக. முதல் தடவை கரைசலின் நிறமே வெளுத்துப்போனது. ஆக்சிஜன் மருந்தை விட்டுவிட்டு வளையத்தையே தின்றுவிட்டது. வளையத்தைச் சுற்றி குளோரின் ஏற்றிய போர்ஃபைரினை எடுத்த பிறகுதான் தாக்குப்பிடித்தது. பொருள்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் சிலிக்காத் தகட்டில் மருந்துப் புள்ளிக்குக் கீழே இன்னொரு புள்ளி. 10,11-எபாக்சைடு, அதாவது ஓர் ஆக்சிஜன் ஏறிய கார்பமாசெபின். அப்பாவின் கல்லீரல் தினமும் செய்கிற அதே பொருள். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

தொண்டியிலிருந்து, மருந்தாளுநர்:
தம்பி, எங்கள் வீட்டில் நடந்தது நேர் எதிர். அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் கொடுத்தார்கள். அது கல்லீரலில் மாறினால்தான் வேலையே செய்யும். நெஞ்செரிச்சலுக்கு அம்மா ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தார்; அது, குளோபிடோக்ரெலை மாற்றும் 2சி19 என்ற நொதியை மட்டுப்படுத்தும். மருந்தாளுநரான நானே கவனிக்கவில்லை. டாக்டர் பார்த்து, அந்த நொதியை அவ்வளவாகத் தொடாத பான்டோப்ரசோலுக்கு மாற்றினார். இந்த மாதிரி மோதலை உங்கள் குடுவை முன்கூட்டியே காட்டுமா?

பாம்பனிலிருந்து:
காட்டாது அக்கா. எந்த மருந்து உள்ளே போகலாம், எது வழியை அடைக்கும் என்பதெல்லாம் நொதியின் புரதம் தீர்மானிப்பது. எங்கள் போர்ஃபைரினுக்கு அந்தப் புரதம் இல்லை. என்ன பொருள் வரக்கூடும் என்று சொல்லும், யார் உடம்பில் எவ்வளவு என்று சொல்லாது. அதற்குக் கல்லீரல் மைக்ரோசோம், அதாவது அந்த நொதிகள் உள்ள கல்லீரல் செல் துணுக்குகள் வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆனால் மைக்ரோசோமில் கிடைப்பது துளியூண்டு. ரத்தத்தில் எபாக்சைடை அளக்க வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான எபாக்சைடு கையில் இருக்க வேண்டுமே, அதை வேண்டிய அளவு செய்து தர இந்த வழி உதவும்.

அப்பா இப்போது இருமலுக்குக் கடைக்குப் போனாலும் கார்பமாசெபின் அட்டையைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போகிறார்.