பழைய இழைப்புளி, பழைய முத்திரை: மறக்க முடியாத அனுபவம் உண்டா?

நியூஜெர்சி மரத்தூள்:
ஒரு எஸ்டேட் சேல், அதாவது ஒரு வீட்டின் சாமான்களையெல்லாம் விற்கும் விற்பனை. மேசையில் அமெரிக்க ஸ்டான்லி கம்பெனியின் 5-ஆம் நம்பர் இரும்பு இழைப்புளி. கடைக்காரர் ‘1910-இல் செய்தது’ என்று அட்டை எழுதி வைத்திருந்தார். பிளேடைத் தாங்கும் சாய்வான பாகமான ஃபிராக்குக்குப் பின்னால் வார்ப்பில் ‘ஏப்ரல் 19, 10’ இருக்கும் இல்லையா, அதைப் பார்த்து எழுதியது. ஒரு அம்மா அதைக் கையில் எடுத்து அந்த எண்களை நகத்தால் வருடிக்கொண்டே, “எங்க தாத்தா பிறந்த வருஷம்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நிஜம்தானே?” என்று கேட்டார்.

சொன்னேன். அது காப்புரிமை வாங்கிய தேதி, செய்த தேதி இல்லை. அப்படி மூன்று தேதிகள் இருந்தால் செய்தது 1910 முதல் 18 வரை, இரண்டு இருந்தால் 1919 முதல் 24 வரை. இதில் ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே 1925-இலோ அதற்கு அப்புறமோ. அவர் ஒன்றும் பேசாமல் அதைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

டொராண்டோ ரம்பம்:
சொன்னது சரி. ஆனால் இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வருடக் கணக்கெல்லாம் பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் தொகுத்தது. தொழிற்சாலையில் பழைய வார்ப்பு மிச்சம் இருந்தால் அதைத் தூக்கியா போட்டிருப்பார்கள்? அதிலேயே புது பாகங்களைப் பூட்டி அனுப்பியிருப்பார்கள். எல்லைக் கோட்டில் இருக்கும் வருடங்களை நான் நம்புவதே இல்லை.

என்னிடம் ஒரு 4-ஆம் நம்பர் வந்தது. பிளேடில் இதயச் சின்னம், உள்ளே எஸ்.டபிள்யூ. எழுத்துகள். ஸ்டான்லி ஒர்க்ஸின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டை நினைத்துப் போட்ட முத்திரை, 1920-களில் வந்தது. ஆனால் பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் லிவர் கேப்பின் துளை சிறுநீரக வடிவம், அது 1933-க்கு அப்புறம்தான். பிளேடின் ஆழத்தை மாற்றும் திருகுமரையோ பித்தளை இல்லை, கறுப்புக் கெட்டி ரப்பர். அது யுத்த காலம், பித்தளை போருக்குப் போய்விட்டது. ஒரே இழைப்புளிக்குள் மூன்று காலம். அந்த ரப்பர் மரையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ‘இதற்கு எந்த வருடம் என்று எழுதுவது?’ என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் பாகவாரியாக எழுதி ஒட்டினேன்.

யார்க் வாசகி:
மரத்தூள் அண்ணா, நானும் சொல்லியிருப்பேன், கூடவே இன்னொன்றும் சொல்லியிருப்பேன். 1910-இல் பிறந்தவருக்கு 1925-இல் பதினைந்து வயது. தொழில் பழகப் போகும் வயது அது. தாத்தாவின் கைக்குப் பொருத்தமானது அந்த இழைப்புளிதான்!

இங்கே இங்கிலாந்தில் எங்கள் தலைவலி வேறு. இரும்பில் வார்த்த தேதியெல்லாம் கிடையாது. பீச் மரத்தில் செய்த, மரச் சட்டத்தில் அலங்கார வளைவு இழைக்கும் மோல்டிங் இழைப்புளியின் மூக்குப் பக்கத்தில், அதாவது முன்முனையில், நாலைந்து பெயர் குத்தியிருக்கும். எது செய்தவர், எது வைத்திருந்தவர்? செய்தவரின் முத்திரை பெரும்பாலும் ஒருமுறைதான் இருக்கும், நடுவில், நேராக, ஊர்ப் பெயரோடு. சொந்தக்காரர்கள் இடம் கிடைத்த பக்கமெல்லாம், பின்பக்கத்திலும்கூட, குத்திவைப்பார்கள்.

சந்தையில் ஒன்று கிடைத்தது. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன். ‘வார்வில், யார்க்’ என்று மங்கலாக மேலெழுந்தது. 19-ஆம் நூற்றாண்டு, எங்கள் ஊர்ப் பட்டறை! அதற்குக் கீழே ஒரு குடும்பப் பெயர். அதற்கும் கீழே அதே குடும்பப் பெயர், முன்னெழுத்து மட்டும் வேறு. இரண்டாவது குத்து புதுசாக, ஆழமாக, கொஞ்சம் கோணலாக. அப்பாவின் கருவியை மகன் எடுத்துக்கொண்ட நாளில் குத்தியதாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. விற்றவர் அந்த மகன் பெயரைத்தான் தயாரிப்பாளர் என்று அடித்துச் சொன்னார்.

காரைக்குடி உளி:
என் கதை சின்னது. எங்கள் ஊர்ப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஸ்டான்லி இழைப்புளி ஒன்றைக் காட்டி, “அரண்மனை கட்டின காலத்து சாமான், நூற்றைம்பது வருஷம்” என்றார். வார்ப்பில் ‘மேட் இன் இங்கிலாந்து’. அமெரிக்க ஸ்டான்லி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இழைப்புளி செய்ய ஆரம்பித்ததே 1930-களின் பிற்பகுதியில்தான். விலையைப் பாதியாகக் குறைத்தார். வாங்கவில்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் கேட்காவிட்டாலும். துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிப் பிளேடின் மேல் ஓட்டாதீர்கள். பிளேடு முத்திரை மெல்லிய குத்துதான், ஒரே ஓட்டலில் போய்விடும். வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுவதும் ஆபத்து, எழுத்தின் ஓரங்களை அரித்துவிடும். மண்ணெண்ணெய் தடவி ஒரு நாள் விட்டுத் துணியால் துடையுங்கள். துரு விடாப்பிடியாக இருந்தால் முத்திரை இல்லாத பக்கத்தில் மட்டும் பித்தளைத் தகட்டால் சுரண்டலாம். எழுத்து தெரியவில்லையா, சாக்பீஸைத் தேய்த்து விரலால் துடையுங்கள், பள்ளத்தில் வெள்ளை நிற்கும். மர உடம்பாக இருந்தால் மூக்குப் பக்கத்தில் உப்புத்தாளே படக்கூடாது.

அப்புறம் படம் போடுபவர்கள் முழு இழைப்புளியை அழகாக எடுத்துப் போட்டுவிட்டு “வருடம் சொல்லுங்கள்” என்கிறீர்கள். எதை வைத்துச் சொல்வது? ஃபிராக்கைக் கழற்றி அடியில் ஒன்று, பிளேடின் மேல்முனை ஒன்று, லிவர் கேப் ஒன்று, முன்குமிழ் பக்கவாட்டில் ஒன்று. மரத்தில் செய்ததென்றால் நீளமும் வேண்டும்: ஒன்பதரை அங்குலம் என்பது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வழக்கமானது, பத்தோ அதற்கு மேலோ இருந்தால் அதைவிடப் பழசாக இருக்கலாம்.

டொராண்டோ ரம்பம்:
உளி அண்ணே, நீளத்தோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மர இழைப்புளியில் பிளேடு முத்திரையை வைத்து வயசு சொல்லவே கூடாது. உடம்பு ஒரு ஊரில், பிளேடு ஷெஃபீல்டில் என்பதுதான் அங்கே வழக்கம், தேய்ந்தால் புதுசு மாற்றியிருப்பார்கள். வாசகி, உங்கள் வார்வில்லின் பிளேடில் என்ன முத்திரை இருக்கிறது? பிளேடை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பைத் தட்டிக் கழற்றிப் படம் போடுங்கள்.